பனி இரவுக்கு முன் திறக்க வேண்டிய வால்வு

எனக்கும் பத்திநாதனுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம். நான் குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கேரவன் கராஜில் மெக்கானிக். நடுவில் இரண்டு மணி நேரம்கூட ஆகாத விமானப் பயணம். கேட்பவர்களெல்லாம் "பக்கம்தானே!" என்பார்கள். பக்கம்தான். ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம் தேறாது. எனக்கு ஹாஸ்டலில் மூன்று பேர் அறை, அவருக்கு கேம்பில் ஆறு பேர் ரூம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் ஆளுக்கொரு பதில் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன அக்டோபரில் எனக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பரீட்சை, இன்டர்வியூ, காகிதம் எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு மெயில் வந்தது. முதல் சில மாதங்களுக்கு அவர்களே வீடு தருவார்கள். ஒருவருக்கா, இருவருக்கா? ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. வெள்ளைக்காரன் ஒரே வரியில் கேட்டுவிட்டான். நான் அதையே என் கணவரிடம் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் "சூப்பர்வைசர் விளிக்கான், பொறவு பேசலாம்" என்று போனை வைத்துவிடுவார்.

அவர் ஏன் தயங்குகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார்: "அங்க வந்தா நர்ஸுக்க மாப்பிளன்னுதான பேரு." ஷார்ஜாவில் அவருக்கென்று ஒரு பேர் உண்டு. கேரவன் என்றால் நம் ஊரில் சினிமாக்காரர்கள் உட்காரும் வண்டி. இங்கே குளிர்காலம் வந்தால் மக்கள் குடும்பத்தோடு பாலைவனத்துக்கும் மலைக்கும் எடுத்துப்போய்த் தங்குவார்கள். உள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். அந்த கராஜில் வாடகைக்கு விடும் வண்டிகள் ஆறு. ஆறிலும் தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவானாலும் பத்திநாதன்தான். முதலாளி உஸைர் காக்கா காயல்பட்டினத்துக்காரர். "பத்தி கை வச்சா ஒரு சொட்டு வெளியே வராது" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்வார். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வர மனிதருக்கு மனசு வரவில்லை என்பது என் கணக்கு.

போனில் நடக்காத காரியம் நேரில் நடக்கட்டும் என்று நாலு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். எங்கே தங்குவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அவர் ஒரு ஏற்பாட்டோடு வந்து நின்றார். போன ஜனவரியில் ஜெபல் ஜைஸ் மலைக்குப் போன இரண்டு வண்டிகள் தண்ணீர் உறைந்து ஹீட்டர் வெடித்துத் திரும்பி வந்திருக்கின்றன. மலை உச்சியில் வருஷத்தில் ஏதோ சில ராத்திரிதான் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்த ராத்திரியில் மாட்டிக்கொண்ட வண்டிகள். வாடகைக்கு எடுத்தவர்களுக்கு வண்டியைக் கையாளத் தெரியவில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டார்கள். இந்த வருஷமும் அடுத்த வாரத்துக்கு மலை புக்கிங் இருக்கிறது. அதற்குமுன் ஒரு வண்டியை மேலே கொண்டுபோய் ஒரு ராத்திரி நிறுத்தி, தண்ணீர் உறையாமல் காப்பாற்றிக் காட்ட வேண்டும். அதுதான் அவருக்கு டியூட்டி. என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று காக்கா சொல்லிவிட்டாராம். காக்காவுக்கு இரக்க மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மூன்று மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். சாலையை விட்டு இறங்கி, பாறைக்குப் பின்னால் அவருக்குத் தெரிந்த ஒரு சமதளத்தில் வண்டியை நிறுத்தினார். வெயில் இருந்தது, ஆனால் காற்று காதைக் கடித்தது. நான் வண்டிக்குள் இரண்டு அலமாரியைத் திறந்து மூடினேன். அடுப்பைப் பற்றவைத்துக் கட்டன் சாயா போட்டேன். சாயா ஆறும்வரை வேறு யாரும் வந்து அடுப்பு கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அந்த நல்ல மனநிலையிலேயே கேட்டுவிட்டேன்.

"இஞ்சேருங்க, திங்கக்கிழமை பதில் போடணும். ஒண்ணா, ரெண்டா?"

"நாளக்கி காலத்த சொல்லுதேன்" என்றார்.

"அதென்ன நாளைக்கு? இப்பச் சொன்னா வாய் வலிக்குமா?"

"நாளக்கின்னா நாளக்கிதான். வேல கெடக்கு."

சாயாவை நின்றபடியே குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். இரண்டு மாதமாகக் கேட்ட அதே பதில், இந்தத் தடவை நேரில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் செய்யும்முன் போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தார். "குட் ஆஃப்டர்நூன். திஸ் இஸ் ஃப்ரெஷ் வாட்டர் டேங்க்" என்று இங்கிலீஷில் பேசினார். சட்டை காலரைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தரம் "குட் ஆஃப்டர்நூன்" என்றார். யாருக்கு இந்தக் கச்சேரி என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "சும்மா, ஒரு ரெக்கார்டுக்கு" என்றார். புகழ் தலைக்கேறிவிட்டது, இனி இந்த மனிதர் எங்கேயும் அசைய மாட்டார் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

வேலை என்னவோ நறுவிசாகத்தான் செய்தார், அதைக் குறை சொல்ல முடியாது. ராத்திரிக்கும் காலைக்கும் வேண்டிய தண்ணீரை இரண்டு கேனில் பிடித்து உள்ளே வைத்தார். மிச்சத் தண்ணீரைத் தொட்டியிலிருந்து திறந்துவிட்டார். வண்டிக்கு அடியில் அழுக்குத் தண்ணீர் தொட்டி ஒன்று தொங்கியது. குளிர் முதலில் பிடிப்பது அதைத்தான் என்று அதையும் காலிசெய்து, வாயைத் திறந்தே விட்டார். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். எல்லாக் குழாயையும் பாதி திறந்து வைத்து, ஷவரைத் தரையில் இறக்கிப் போட்டு, சைக்கிள் பம்பால் குழாய்க்குள் காற்று அடித்தார். மிச்சமிருந்த தண்ணீர் துப்பிக்கொண்டு வெளியே வந்தது. இந்த ஊரில் தண்ணீருக்கு எதிரி வெயில். ஆகஸ்டில் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். குளியலறை ஹீட்டரை அணைத்துவிட்டு, அதற்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில்தான் நாங்களெல்லாம் குளிப்போம். அப்படிப்பட்ட இடத்தில் பதிமூன்று வருஷம் இருந்த ஆள் பனிக்கு இவ்வளவு படித்து வைத்திருப்பது ஆச்சரியம்தான். அதை நான் சொல்லவில்லை.

நான் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன். மேஜை இழுப்பறையில் வண்டியின் புத்தகம் கிடந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவர் கையால் வேலை படித்தவர், புத்தகத்தைத் தொட மாட்டார். எனக்கு மருந்து டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்தைக்கூட முழுசாகப் படித்துத்தான் பழக்கம். பிரித்துப் படித்தேன்.

ஹீட்டரைப் பற்றி நாலு பக்கம். வண்டிக்குச் சூடு தருவதும் தண்ணீரைச் சூடாக்குவதும் ஒரே பெட்டிதான். அதன் வயிற்றில் எப்போதும் பத்து லிட்டர் தண்ணீர் நிற்கும். தொட்டியைக் காலிசெய்தாலும், குழாயைத் திறந்து வைத்தாலும் அந்தப் பத்து லிட்டர் போகாது. அதற்குத் தனியாக ஒரு வால்வு, மஞ்சள் குமிழ் வைத்தது. பனி இரவுக்கு முன் அதைத் திறக்க வேண்டும். மறந்துவிட்டாலும், மூன்று டிகிரிக்குக் கீழே போனால் வால்வு தானாகத் திறந்து, வண்டிக்கு அடியில் இருக்கும் துளை வழியாகத் தண்ணீரை வெளியேற்றிவிடும். அதற்குக் கீழே கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் ஒரு வரி: அந்தத் துளையை எந்தக் காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

அவர் கைகழுவ உள்ளே வந்தார். நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மஞ்சள் குமிழ் இருந்தது.

"இது என்னது?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுவா? அது ஒரு சனியன் பிடிச்ச வால்வு. தண்ணி சூடாவும்போதெல்லாம் வண்டிக்க அடியில சொட்டுசொட்டுன்னு சொட்டும். வண்டி எடுத்துட்டுப் போறவன் எல்லாம் லீக்கு, லீக்குன்னு கம்ப்ளெய்ண்ட். வண்டி வந்த புதுசுல நான்தான் கண்டுபிடிச்சேன். கீழ உள்ள ஓட்டையில டேப் சுத்தி டம்மி மூடி போட்டு அடைச்சேன். ஆறு வண்டியிலயும். அதுக்குப் பொறவு ஒரு சொட்டு கெடையாது. காக்கா சொல்லுவாருல்லா, பத்தி கை வச்சான்னு. அது இதுதான்."

நான் குனிந்தபடியே இருந்தேன். போன வருஷம் இரண்டு ஹீட்டர் ஏன் வெடித்தது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை.

"ஏன், அந்த புக்குல எதாம் போட்டிருக்கா?" என்று கேட்டார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வாய் வரை வந்தது. சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் டம்மியைக் கழற்றுவார், பத்து லிட்டரும் மணலில் போய்விடும். நாளைக்குக் காலையில் தண்ணீர் வரும். காக்கா தோளில் தட்டுவார். என்னை விமானம் ஏற்றிவிட்டு வழக்கம்போல "பொறவு பேசலாம்" என்பார். சொல்லாமல் விட்டு, காலையில் தண்ணீர் வராமல் போனால்? அவர் கட்டிக் காப்பாற்றிய அந்தப் பேர் இந்த மலையிலேயே உடையும். உடைந்தால் இங்கே அவருக்கு விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. என்னோடு வந்துவிடுவார். ஒரு தடவை தோற்கட்டுமே என்று நினைத்தேன். இதையெல்லாம் நினைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்கிறீர்கள்? அவர் துண்டை ஆணியில் மாட்டுவதற்குள் நினைத்து முடித்துவிட்டேன்.

"ஒண்ணுமில்ல. படம்தான் போட்டிருக்கு" என்றேன்.

புத்தகத்தைத் திரும்ப இழுப்பறையில் வைத்தேன்.

சாப்பிட்டோம். நான் வைத்த மீன்குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். படுக்கும்முன் கேஸை முழுக்க அடைத்துவிட்டார். குளிர்காலம் வந்தால் இங்கே எந்த ஊரிலாவது மூடிய ரூமுக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வரும். அவர் கேம்பில் அதனால் ஒரு சட்டம்: தூங்கும்போது எந்த நெருப்பும் எரியக் கூடாது. கம்பளியை இரண்டாக மடித்து என் பக்கம் போர்த்திவிட்டு, "குளிருதா பிள்ளே?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் அவர்தான் முதலில் எழுந்தார். வெளியே மைனஸ் இரண்டு என்று வண்டியின் டிஸ்பிளே காட்டியது. கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்து, குழந்தை மாதிரி என்னிடம் காட்டினார். சூரியன் ஏறும்வரை காத்திருந்தார். பிறகு போனை மேஜைமேல் சாய்த்து வைத்து, "குட் மார்னிங். லாஸ்ட் நைட் மைனஸ் டூ" என்று ஆரம்பித்தார். கேன் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். குழாய்களை மூடினார். மோட்டாரைப் போட்டார்.

சமையல் குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது. அவர் சிரித்தார். குழாயை மூடிய பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடியது. கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெதுவாக வந்து அவர் கால் விரலைத் தொட்டது.

மோட்டாரை அணைத்துவிட்டுத் தரையில் படுத்து டார்ச் அடித்தார். ஹீட்டரின் கழுத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கவில்லை, சட்டென்று மஞ்சள் குமிழைப் பார்த்தார். நேற்று உள்ளே அமுங்கியிருந்த குமிழ் இப்போது மேலே எழும்பி நின்றது. ராத்திரி வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது. வெளியே ஓடிப்போய் வண்டிக்கு அடியில் நுழைந்து, தானே போட்ட டம்மியைக் கழற்றினார். பத்து லிட்டரும் பனிக்கட்டித் துண்டுகளோடு அவர் கையில் கொட்டியது. புத்தகம் இல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் நல்ல மெக்கானிக், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

வண்டிப் படியில் வந்து உட்கார்ந்தார். மேஜைமேல் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

"போன வருஷத்து ரெண்டும் நான் செஞ்சதுதான்" என்றார். "வண்டி எடுத்தவங்கமேல பழி போட்டோம்."

எனக்கு உள்ளே ஒரு திருப்தி இருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கைவைத்தேன். "விடுங்க. இஞ்ச இல்லன்னா என்ன, நாம அங்க போயிருவோம்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"எங்க போக?" என்று கேட்டார். "எனக்க கூட வேலபாத்த சுபின் இருக்கான்லா, அயர்லாந்துல. அவன் இப்பம் ஒரு கேரவன் யார்டுலதான் நிக்கான். அவனுக்க முதலாளிட்ட என்னயப் பத்திச் சொல்லியிருந்தான். கல்ஃப்ல கெடக்கவனுக்கு பனியப் பத்தி என்ன தெரியும்னு கேட்டிருக்காரு. செஞ்சு காட்டுன்னாரு, வீடியோ அனுப்புன்னாரு. அதுக்குத்தான் நானே காக்காகிட்ட இந்த வண்டியக் கேட்டு வாங்கினேன். இன்னைக்குக் காலத்த தண்ணி ஒழுங்கா வந்திருந்தா அவருக்கு அனுப்பிட்டு, உங்கிட்ட ரெண்டுன்னு சொல்லலாம்னு இருந்தேன். வேல இல்லாம உனக்க பின்னால வர எனக்கு வெக்கமா இருந்துது, கேட்டியா. அதான் இவ்வளவு நாளும் இழுத்தேன்."

என் கை அவர் தோளில்தான் இருந்தது. அதை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

"நேத்து அந்த புக்குல எழுதியிருந்துது" என்றேன். "அந்த ஓட்டைய அடைக்கக் கூடாதுன்னு. நான் வாசிச்சேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நான் கேட்டேன்லா?"

"கேட்டிய."

"படம்தான் போட்டிருக்குன்ன."

"ஆமா."

"எதுக்கு?"

"ஒருக்கா தோத்தா எங்கூட வருவியன்னு நெனச்சேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்களுக்கு அது பழக்கம்தான். எழுந்துபோய் உஸைர் காக்காவுக்குப் போன் போட்டார். டம்மி போட்டது தப்பு என்றும், ஆறு வண்டியிலும் தான்தான் போட்டது என்றும், போன வருஷத்து இரண்டும் அதனால்தான் என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். என் பேரை எடுக்கவே இல்லை. ஸ்பீக்கரில் காக்கா, "சரி வாப்பா, பத்திரமா இறங்கி வாங்கோ. மத்த அஞ்சையும் வந்து கழட்டிடு" என்றார். அவ்வளவுதான். என் கணவரின் பேர் உடையவும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் நினைத்தது எதுவும் நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை.

மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு மெதுவாக ஓட்டினார். பாதி வழியில் நான் பேசினேன்.

"வீடியோவ இன்னொருக்கா எடுக்கலாமே. எங்க தப்புன்னு இப்பம் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுல்லா. அதையும் சேத்துச் சொன்னா அவருக்கு இன்னும் நம்பிக்கை வரும்."

"எடுக்கலாம்" என்றார். "பனி தெரிஞ்சு போச்சு. அது இனி மறக்காது."

"பொறவென்ன?"

கியரைக் குறைத்து அடுத்த வளைவைத் திருப்பினார்.

"அங்க வந்தா எனக்கு பனி மட்டுமா தெரியாது? பாஷை தெரியாது, பஸ் தெரியாது, ஒரு காயிதம் வந்தா என்னன்னு தெரியாது. எல்லாத்துக்கும் உங்கிட்டத்தான் கேக்கணும். நேத்து வரைக்கும் அதுல எனக்கு ஒரு பயமும் இல்ல, பிள்ளே. கேட்டா சொல்லுவன்னு இருந்துது."

அவர் குரலில் கோபம் இல்லை. வண்டியில் என்ன பழுது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். நான் பதில் யோசித்தேன். இனிமேல் சொல்வேன் என்று சொல்லியிருக்கலாம். அதை அவர் எப்படி நம்புவார் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டார். பெட்டியை உள்வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தார். "சேந்ததும் விளி" என்றார். சேர்ந்ததும் கூப்பிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை டியூட்டிக்குப் போகும்முன் அயர்லாந்துக்குப் பதில் அனுப்பினேன், ஒருவர் என்று. அவர் அப்படிப் போடச் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.